முத்திரை ஆய்வாளர் வீட்டுச் சோதனை

கடைத்தெருவில் எனக்கு முத்திரையம்மா என்று பெயர். எடை சரியாகக் காட்டுகிற தராசுக்கு முத்திரை குத்துவதும், காட்டாததைத் தூக்கிக்கொண்டு வருவதும் என் வேலை. பதினெட்டு வருடமாக இதே பிழைப்பு. தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டுகிறவன், எடைக்கல்லின் அடியில் இருக்கிற ஈயத்தைச் சுரண்டிவிட்டு மெழுகை அடைக்கிறவன், மின்தராசைப் பூச்சியத்துக்குப் பதில் ஐம்பது கிராமில் ஆரம்பிக்க வைக்கிறவன் என்று எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று. இவர்களையெல்லாம் பிடித்துவிடலாம். பிடிக்க முடியாத ரகம் ஒன்று உண்டு. அது ஆய்வு நாளில் மட்டும் யோக்கியன். நான் தெருமுனையில் திரும்பும்போதே இவனுக்குத் தகவல் போய்விடும். உள்ளே நுழைந்தால் தராசு பளபளவென்று இருக்கும், கடைக்காரர் முகம் அதைவிடப் பளபளவென்று இருக்கும். அவரிடம் நான் சொல்வது ஒன்றுதான். "நேத்து எதுல நிறுத்தீங்களோ அந்தத் தராசை எடுங்க."

இப்படி ஊரார் தராசையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த எனக்கு, என் உடம்பில் பத்து வருடமாக ஒரு கோளாறு குடியிருந்தது தெரியவில்லை. ரத்தசோகை என்றார்கள். நான் விழுங்கிய இரும்புச்சத்து மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருந்தால் இரண்டு எடைக்கல் வார்த்திருக்கலாம். படியேறினால் மூச்சு வாங்கும், வாயில் புண் வரும், மத்தியானம் ஆனால் வயிறு உப்பிக்கொள்ளும். வேலை அதிகம் என்றார் குடும்ப மருத்துவர். வயதாகிறது என்றாள் என்னைவிட ஆறு வயது மூத்த என் நாத்தனார். கடைசியில் ஒருநாள் ஒரு மளிகைக் கடையில் தராசைப் பறிமுதல் செய்துகொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தேன். கடைக்காரர் தண்ணீர் தெளித்து எழுப்பினார். நல்ல மனிதர், ஆனாலும் நான் தராசை விடவில்லை.

அதற்குப் பிறகுதான் குடல் மருத்துவரிடம் போனேன். அவசரம் என்பதே தெரியாத ஒரு அம்மாள். வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்து, சிறுகுடலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்து, சீலியாக் நோய் என்றார். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், என் உடம்பு என் குடலையே எதிரி என்று நினைத்து அடிக்குமாம். உண்ட சத்தை உறிஞ்சுகிற உள்சுவர் தேய்ந்து மொட்டையாகிவிடுமாம். மருந்து கிடையாது. ஆயுசுக்கும் கோதுமையைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். பத்து வருடத்து மர்மம் ஒரு பிஸ்கட்டில் முடிந்தது.

கிளம்பும்போது மருத்துவர் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு இருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம், அதனால் உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் ரத்தச் சோதனை செய்துவிடுங்கள். அது ஒன்று. சோதனை முடிகிறவரை அவர்கள் சாப்பாட்டை மாற்றாதீர்கள். அது இரண்டு. கடைக்காரர்களின் சாக்குப்போக்கைக் கேட்பதற்கென்றே ஒரு காது வைத்திருக்கிறேன். இரண்டாவதை அந்தக் காதில் வாங்கிக்கொண்டேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் இருக்கிற எதையும் தின்பான், இல்லாததைக் கேட்டு வாங்கித் தின்பான். சின்னவளுக்கு ஒன்பது. பார்த்தால் ஆறு என்பார்கள். வகுப்பு வரிசையில் எப்போதும் முதல் ஆள் அவள்தான், படிப்பில் அல்ல, உயரத்தில். தட்டில் பாதியை மிச்சம் வைப்பாள், சாயங்காலம் முழங்காலை வயிற்றில் அழுத்திக்கொண்டு சோபாவில் சுருண்டிருப்பாள். அவளைப் பொடிசு என்று செல்லமாகக் கூப்பிட்டோம். நோயின் அடையாளத்தையே எடுத்துச் செல்லப்பெயராக வைத்த குடும்பம் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

என் கணவர் பல்செட் செய்கிறவர். பின்னறைதான் அவருடைய பட்டறை. பிளாஸ்டர் அச்சுகள் அலமாரியில் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அந்த அறையில் அதிகம் வாய் திறப்பவை அவைதான். மருத்துவர் சொன்னதைச் சொன்னபோது, கையிலிருந்த கடைவாய்ப் பல்லை ஊதிவிட்டு, "பாத்துடலாமே" என்றார். அவர் அகராதியில் அது ஒரு மேடைப் பேச்சு.

நாத்தனார் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். செய்தி கேட்ட அரைமணியில் வந்துவிட்டாள். ஓடியாடுகிற பிள்ளைகளை ஊசியால் குத்தி நோயாளியாக்குவானேன் என்றாள். தங்கள் பக்கத்தில் யாருக்கும் வயிற்றில் ஒரு குறையும் கிடையாது என்றாள். சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து வாயு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவள் சொன்ன எதையும் நான் ஒப்புக்கொண்டதில்லை. அன்றைக்கு, அண்ணி சொல்வதுதான் சரி என்றேன். என் கணவர் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நாத்தனாரே கொஞ்சம் பயந்துபோனாள்.

என்னிடம் காரணங்கள் கைவசம் நிறைய இருந்தன. ஊசி என்றால் பொடிசு பயப்படுவாள். பரீட்சை வருகிறது. ஒருமுறை நோய் என்று எழுதிவிட்டால் போகிற இடமெல்லாம் அது கூடவே வரும். ஒருவேளை இல்லாவிட்டால் வீண் அலைச்சல். ஒருவேளை இருந்தால்? பொடிசுக்கு இருக்கிறது என்று உள்ளுக்குள் எனக்குத் தெரியும். அது என்னிடமிருந்து போனது என்றும் தெரியும். மூக்கு அப்பா மூக்கு, நடை அத்தை நடை, நிறம் சித்தப்பா நிறம் என்று அவளைப் பிறந்த அன்றே பங்கு போட்டு எடுத்துக்கொண்ட குடும்பம் இது. என் பங்குக்கு இதுநாள்வரை ஒன்றும் ஒதுக்கவில்லை. இதை ஒதுக்குவார்கள். அந்தச் சீட்டை என் கையாலேயே வாங்கி வந்து தர எனக்குத் தைரியம் இல்லை. ஊரை நடுங்க வைக்கிற முத்திரையம்மாவின் வீரம் இவ்வளவுதான்.

ஆனால் சும்மா இருக்கவும் மனசு கேட்கவில்லை. அதனால் ஒரு அருமையான வழி கண்டுபிடித்தேன். கோதுமையையே வீட்டைவிட்டுத் துரத்திவிட்டால்? இல்லாத ஒன்றை யாரும் சாப்பிடப் போவதில்லை. சாப்பிடாவிட்டால் எந்தக் குடலும் தேயப்போவதில்லை. பிறகு சோதனை எதற்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைக்குள் ஆய்வுக்குப் போகிற மாதிரியே போனேன். ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ், கேக் மாவு எல்லாம் மூட்டையாயின. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படித்தேன். சாஸ் பாட்டிலுக்குள்கூடக் கோதுமை ஒளிந்திருந்தது, அதையும் பிடித்தேன். மதியச் சாப்பாடு வீட்டிலிருந்துதான் வரும் என்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்தேன். வெளியே எதுவும் வாங்கித் தின்னமாட்டேன் என்று பெரியவனிடம் காகிதத்தில் கையெழுத்தே வாங்கினேன். பொடிசிடம் எழுதி வாங்கவில்லை. அவள் சரி என்றால் சரிதான். பட்டறையில் பிளாஸ்டர் பொடிக்கு நடுவில் பிஸ்கட் பொடி கிடந்ததைக் கண்டுபிடித்து என் கணவரையும் எச்சரித்தேன். அவர் மறுபடி, "சோதனையைப் பண்ணிட்டு இதெல்லாம் பண்ணலாமே" என்றார். பல் வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

பதினோரு மாதம் ஓடியது. என் ரத்தம் ஏறியது, படியேறினால் மூச்சு வாங்கவில்லை. பொடிசைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கன்னம் உப்பியது. தட்டைக் காலி செய்தாள். பள்ளிச் சீருடையின் மடிப்பைப் பிரித்து இரண்டு விரற்கடை இறக்கினேன். வரிசையில் அவளுக்கு முன்னால் இன்னொரு பெண் வந்துவிட்டாள் என்று ஓடிவந்து சொன்னாள். எல்லாம் என் கைச் சமையல் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். நோய் இருந்தவள் என்பதால்தான் தேறினாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் புரிந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நான் ஒதுக்கவே இல்லை.

அப்போது என் கணவர் மூன்றாவது முறையாகச் சோதனைப் பேச்சை எடுத்தார். நான் உடனே ஒப்புக்கொண்டேன். ஏன் ஒப்புக்கொண்டாய் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்வேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் அறைந்திருப்பேன். குடல் மருத்துவரிடம் போகவில்லை, அவர் கேள்வி கேட்பார். குடும்ப மருத்துவரிடம் போனேன். அவர் தலை நிமிராமல் சீட்டு எழுதித் தந்தார். பொடிசு ஊசிக்குப் பயப்படவே இல்லை. பெரியவன்தான் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு நாளில் முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் இல்லை.

அந்தக் காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, தான் அப்போதே சொன்னதாகச் சொன்னாள். நானும் அவளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து சிரித்தோம். சரித்திரத்தில் எழுத வேண்டிய நாள்.

அடுத்த மாதம் எனக்கு வருடாந்தரப் பரிசோதனை. அன்றைக்குப் பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகளும் வந்தார்கள், என் கணவரும் வந்தார். குடல் மருத்துவர் என் அறிக்கையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். நான் சும்மா எழுந்து வந்திருக்கலாம். பெருமை விடவில்லை. உறையை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் இரண்டையும் நிதானமாகப் படித்தார். சோதனைக்கு முன்னால் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். கோதுமை வாசனையே இல்லாமல் பதினோரு மாதம் வீட்டை வைத்திருந்ததைச் சொன்னேன். சாஸ் பாட்டில் கதையையும் விடவில்லை.

அவர் பேனாவை மூடி வைத்தார். "இந்தச் சோதனை என்ன பாக்குதுன்னு தெரியுமா? கோதுமை உள்ள போனா உடம்பு சண்டை போடுதான்னு பாக்குது. நீங்க எதிராளியை அனுப்பவே இல்ல. உடம்பு யாரோட சண்டை போடும்? இந்தக் காகிதத்துக்கு அர்த்தமே இல்ல."

அப்போது பெரியவன் செருமினான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. "நான் சாப்பிட்டேன்" என்றான். பள்ளிக் கேன்டீனில் தினமும் ஒரு பன், சில நாள் இரண்டு, நண்பன் வீட்டுக்குப் போனால் நூடுல்ஸ். நான் கட்டிக்கொடுத்த டப்பாவைப் பக்கத்து இருக்கைக்காரன் பதினோரு மாதமாகச் சாப்பிட்டுக் கொழுத்திருக்கிறான். கையெழுத்துப் போட்ட கையாலேயே இத்தனையும் செய்திருக்கிறான். நான் அவனைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

மருத்துவர் முந்திக்கொண்டார். "அப்ப உன்னோடதை நம்பலாம்ப்பா. உனக்கு இப்போதைக்கு இல்ல. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்று அவனுடைய காகிதத்தை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தார்.

என் வீட்டில் பொய் சொன்னவனின் ரத்தம் மட்டும் உண்மை பேசியிருந்தது. சொன்ன பேச்சைக் கேட்ட பொடிசின் ரத்தம் பொய் சொல்லிவிட்டது. அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, தான் ஒருநாள்கூட எதுவும் தின்னவில்லை என்று மருத்துவரிடம் பெருமையாகச் சொன்னாள். பிறந்தநாள் விழாவில் கேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அதைக் கேட்டு யாரும் அவளைப் பாராட்டவில்லை. அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, ஒரு நாள் அவகாசம் கேட்கிற கடைக்காரர்களின் குரல் அது.

"விடலாம். இப்ப நல்லாத்தான் இருக்கா" என்றார் மருத்துவர். "ஆனா உங்க கண்ணு எத்தனை வருஷம் அவ பின்னாலேயே போகும்? பதினாறு வயசுல சிநேகிதிங்களோட போவா, ஒரு பன்னைக் கடிப்பா. கேட்டா, எனக்குத்தான் இல்லையேம்மா, நீதானே காகிதம் வச்சிருக்கேன்னு சொல்லுவா. உள்ள குடல் தேயறது அவளுக்குத் தெரியாது. உங்களுக்குப் பத்து வருஷம் தெரியலையே."

வழி ஒன்றுதான் என்றார். எட்டு வாரம் அவள் தினமும் இரண்டு துண்டு கோதுமை ரொட்டி சாப்பிட வேண்டும். பிறகு சோதனை. நோய் இருந்தால் அந்த எட்டு வாரமும் வயிறு வலிக்கலாம், வாந்தி வரலாம், ஏறிய எடை இறங்கலாம். தாங்கமுடியாமல் போனால் உடனே கூப்பிட வேண்டும். அன்றைக்கே சோதித்திருந்தால் ஒரு ஊசியோடு முடிந்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் யோசித்தேன். யோசித்தேன் என்றால், சாக்குத் தேடினேன். குழந்தை இப்போதுதான் தேறியிருக்கிறாள், அடுத்த வருடம் பார்க்கலாம், உயரம் இன்னும் கொஞ்சம் கூடட்டும் என்று பின்னறை வாசலில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்தே பிள்ளைக்கு வலியைக் கொடுக்கிற தாய் உண்டா என்று கடைசியாகக் கேட்டேன். அவர் ஒரு பல்வரிசையைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருந்தார். இயந்திரத்தை நிறுத்தினார்.

"நீ பண்ணுனதை ஒரு கடைக்காரன் பண்ணியிருந்தா என்ன பண்ணுவே?"

"கடைக்கு சீல் வச்சிருப்பேன்" என்றேன். வாயில் வந்துவிட்டது.

அவர் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டார். பதினைந்து வருடம் பேசாத மனிதருக்கு ஒரே ஒரு கேள்வி கேட்கத் தெரிந்திருக்கிறது, அதையும் இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

மறுநாள் நானே போய் ரொட்டி வாங்கிவந்தேன். பொடிசை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். பூசி மெழுகவில்லை. எனக்கு இருக்கிற நோய் அவளுக்கும் இருக்கலாம், இருந்தால் அது என்னிடமிருந்துதான் வந்தது, அதைக் கண்டுபிடிக்க இதைத் தின்ன வேண்டும், தின்றால் வலிக்கலாம், எட்டு வாரம். அவள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, ஜாம் உண்டா என்றாள்.

முதல் நாலு நாள் அவளுக்குத் திருவிழாதான். ஓரத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டு நடுவைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். நான் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். வலிக்கிறதா என்று காலையில் கேட்பேன், பள்ளி விட்டு வந்ததும் கேட்பேன், தூங்கப் போகுமுன் கேட்பேன். இல்லை என்பாள். ஒருவேளை உண்மையிலேயே இல்லையோ என்று எனக்கு ஆசை வந்தது. நாத்தனாருக்குத் தொலைபேசியில், ஒன்றும் தெரியவில்லை, இருக்காது என்றுதான் நினைக்கிறேன் என்று சொன்னேன். மூன்று நாள் சேர்ந்தாற்போல் "இல்லை" என்று கேட்டால் மறுபடியும் பழைய ஆளாக மாற எனக்கு அது போதும்.

ஆறாம் நாள் காலை. முதல் துண்டைத் தின்று முடித்துவிட்டு, விரலில் ஒட்டியிருந்த ஜாமை நக்கிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, வயிறு வலிச்சா நான் என்ன சொல்லணும்?"

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். வேற என்ன?"

"இல்ல, அன்னிக்கு அத்தை வந்தப்ப நீ வலிக்கலன்னு சொல்லச் சொன்னியே. அதான் கேட்டேன்."

சொல்லியிருந்தேன். என் நோய்ச் செய்தி கேட்டு வந்த அன்று நாத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும், சுருண்டு கிடந்தவளைத் தூக்கி உட்கார வைத்து, அத்தை கேட்டால் வலிக்கவில்லை என்று சொல்லு என்று காதோடு சொன்னேன். உங்களிடமும் இதுவரை சொல்லாமல்தான் இத்தனை கதையையும் சொல்லி வந்திருக்கிறேன். அவள் அன்றைக்கும் சரி என்றாள். அவள் சரி என்றால் சரிதான்.

"அது நான் செஞ்ச தப்பு" என்றேன். "இனிமே யார் கேட்டாலும் நிஜத்தைச் சொல்லு. என்கிட்டயும்."

"அப்படின்னா முந்தாநாளிலேர்ந்து வலிக்குது" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். வாந்தி இருக்கிறதா, விளையாடுகிறாளா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, முடிந்தவரை தொடருங்கள், வலிக்கிற நேரத்தைக் குறித்து வையுங்கள் என்றார். பேசி முடிக்கிறவரை பொடிசு வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். தட்டில் இன்னும் ஒரு துண்டு பாக்கி இருந்தது.

"இதையும் சாப்பிடணுமா?"

சாப்பிடு என்றேன்.